ஏசுவதற்கு முன் எண்ணியவர்கள்

சில வருடங்களுக்கு முன், தரம் 4 மாணவன் ஒருவனின் உம்மாவிடம், "உங்கட மகன் சரியான குழப்படி" என்று முறையிட்டேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "குழப்படியெண்டா என்ன செய்றான் சேர்? ஒரு பாடத்துக்குள்ள எத்தின தரம் செய்றான்?" என்னிடம் பதில் இல்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நான், அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயரைச் சூட்டியிருந்தேனே தவிர, அவன் செய்வதைச் சொல்ல ஒரு வினைச்சொல்லையும் வைத்திருக்கவில்லை. அந்த வெட்கம்தான் பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையின் வரலாற்றைத் தேடி வாசிக்க வைத்தது.

இத்துறையின் வேர் ஓர் அளவுகருவியில் இருக்கிறது. 1930களில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர், எலி நெம்புகோலை அழுத்துவதைப் பதிவதற்கு ஒரு கருவியை அமைத்தார். காகிதச் சுருள் ஒரே வேகத்தில் நகரும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பேனா ஒரு படி உயரும். கோடு செங்குத்தாக ஏறினால் நடத்தை அடிக்கடி நிகழ்கிறது. மட்டமாக ஓடினால் நின்றுவிட்டது. எலியின் மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம் அங்கே தேவைப்படவில்லை.

எண்ணும் இந்தப் பழக்கம் ஆய்வுகூடத்தைத் தாண்டி மனிதரிடம் வந்ததற்கு ஒரு நல்ல சான்று, 1959இல் அய்லோனும் மைக்கேலும் வெளியிட்ட ஆய்வு. கனடாவின் சஸ்காச்சுவான் மனநல வைத்தியசாலையில் ஒரு பெண் நோயாளி தாதியர் அலுவலகத்துக்குள் ஓயாமல் நுழைந்துகொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தபோது, நாளொன்றுக்குச் சராசரி 16 தடவை. ஒவ்வொரு தடவையும் யாராவது அவரைக் கையைப் பிடித்து வெளியே விட்டார்கள். அந்தக் கவனிப்பே அவரை மீண்டும் வரவைத்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். அதை நிறுத்தச் சொன்னார்கள். ஏழு வாரங்களில் 16 என்பது 2 ஆனது.

1968இல் இத்துறைக்கென ஒரு சஞ்சிகை தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே பேயர், வுல்ஃப், ரிஸ்லி ஆகியோர் ஓர் எச்சரிக்கை விடுத்தனர்: எண்ணிக்கை மாறியதென்றால், மாறியது பிள்ளையின் நடத்தையா, எண்ணுபவரின் நடத்தையா என்று பார்க்க வேண்டும். ஆகவேதான் இரண்டு பேர் தனித்தனியே பதிந்து ஒப்பிடும் வழக்கம் வந்தது.

அதே இதழில் ஹோல், லண்ட், ஜாக்சன் ஆகியோர் கன்சாஸ் நகரத்து வறிய பகுதி வகுப்பறைகளில் செய்த ஆய்வும் வந்தது. அதில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரொபி என்ற பெயரில் வருகிறான். றப்பர் பேண்ட் சுண்டுவான், சட்டைப்பையிலுள்ள விளையாட்டுச் சாமான்களை நோண்டுவான். அவதானிப்பாளர் 10 செக்கனுக்கொரு தடவை குறித்தார்: படிக்கிறானா, இல்லையா? படித்தது 25 வீதம். அதோடு நிற்கவில்லை, ஆசிரியையையும் குறித்தார்கள். ரொபிக்குக் கிடைத்த கவனத்தில் 55 வீதம் அவன் படிக்காதபோது கிடைத்தது! படிக்கும்போது கவனிக்கும்படி ஆசிரியைக்குச் சைகை காட்டினார்கள். 71 வீதமாக உயர்ந்தது. பழையபடி நடக்கச் சொன்னபோது 50க்கு இறங்கியது. மாறியதற்குக் காரணம் எது என்பதை அந்த இறக்கம் காட்டியது.

ஆனால் எதை எண்ணுவது என்று யார் தீர்மானிப்பது? 1972இல் வினெட், விங்க்ளர் இருவரும் இதே சஞ்சிகையில் கேட்டனர்: பிள்ளையை அசையாமல், பேசாமல், பணிந்து இருக்கச் செய்யவா இவ்வளவு அளவீடும்? 1978இல் வுல்ஃபே, இலக்கும் வழிமுறையும் விளைவும் சம்பந்தப்பட்ட மனிதருக்கு ஏற்புடையவையா என்று அவர்களிடமே கேட்க வேண்டுமென எழுதினார். அந்த உம்மா என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான்.

பிறகு பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நிரல் கீறினேன். ஒன்றில் அவன் இடத்தை விட்டு எழும்பியது. மற்றதில் நான் அவன் பெயரைச் சொன்னது. மூன்று நாள் கோடு போட்டேன். அவன் குந்தியிருந்து எழுதும்போது நான் ஒருதரமாவது அவன் பெயரைச் சொல்லவில்லை. நாலாம் நாள் அவனது மேசையடியில் நின்று, "எழுத்து வடிவா வந்திருக்கு மகன்" என்றேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாருக்கோ சொல்கிறேன் என்று நினைத்து.