ஒரு பானை நெல்லுக்கு எத்தனை நெல் பதம்?

தீக்குச்சி எரியுமான்னு தெரியணும்னா கொளுத்தித்தான் பார்க்கணும். பார்த்தப்புறம் குச்சி இருக்காது. தரக்கட்டுப்பாட்டு ஆளுங்களுக்கு இது தீராத தலைவலி. அளக்குற முறை சரியான்னு சோதிக்க, ஒரே பொருளை ரெண்டு மூணு பேர் திரும்பத் திரும்ப அளக்கணும். கேஜ் ஆர் அண்ட் ஆர்னு காலேஜ்ல படிச்சிருப்பீங்க. அளந்ததுமே பொருள் காலின்னா என்ன பண்றது? (பொட்டி தட்டுற நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே கோடை நூறு தடவை ஓட்டலாம், நூறு தடவையும் ஊத்திக்கும் :-))

வேளச்சேரி பறக்கும் ரயில்ல இதை யோசிச்சிட்டு வந்தப்போ ஞாபகம் வந்தது பொருந்தல். பழநி பக்கத்துல இருக்கிற ஊர். 2009-ல் பேராசிரியர் கா. ராஜன் குழு அங்கே தோண்டின ஈமக்குழி ஒன்றில் நாலு கால் ஜாடி, உள்ளே சுமார் 2 கிலோ நெல். கூடவே 'வய்ர' என்று தமிழ்-பிராமி பொறித்த பிரிமனை. நெல்லை மியாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். விடை கி.மு. 490. அதாவது அசோகருக்கு 200 வருஷம் முன்னாடி!

ஒரே ஒரு தேதியை வெச்சு எழுத்தோட வயசைத் தூக்க முடியாதுன்னு ஆட்சேபம் வந்தது. நியாயம்தான். ஆனா கார்பன் சோதனைன்னா மாதிரியை அமிலத்தில் கழுவி, எரித்து வாயுவாக்கி, கிராஃபைட் ஆக்கித்தான் எண்ணுவார்கள். அதே நெல்லை மறுபடி அளக்க வழியில்லை. இன்னொரு நெல் மாதிரியைத்தான் அனுப்பணும். அனுப்பினார்கள், கி.மு. 450 வந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு நம்ம பாட்டிங்க சொன்னதுதான் இங்கே அடிப்படை. பானை முழுக்க ஒரே மாதிரின்னு நம்பினால்தான் அது செல்லும். நெல் ஒரு போகத்துப் பயிர் என்பதால் தைரியமா நம்பலாம். கரித்துண்டு அப்படியில்லை. கிழட்டு மரத்தின் நடுத்தண்டு என்றால், எரிச்ச காலத்தைவிட வயசைக் கூட்டிக் காட்டும். அதனால கரியைவிட நெல்லுக்குத்தான் என் ஓட்டு.

கீழடியில் வேறு சிக்கல். 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது. ஆழத்துக்கு ஒரு மாதிரி என்றால், வித்தியாசம் மண்ணடுக்கால் வந்ததா, அளவையால் வந்ததான்னு பிரிக்கவே முடியாது. 1988-ல் டூரின் துணியை மூணு ஆய்வகத்துக்கு வெட்டிக் கொடுத்தப்போ, வயசு தெரிஞ்ச வேற துணிகளையும் சேர்த்துக் கொடுத்தாங்க. அதுதான் சரியான முறை.

லிப்பி 1949-ல் ஆரம்பிச்ச முறைக்குக் கிராம் கணக்கில் கார்பன் வேணும். இப்போ சில மில்லிகிராம் போதும், ஒரு நெல்மணியே தாராளம். 2 கிலோ நெல்லுல எத்தனை மணி இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க.