எபிசோடு 34: தொய்ய விட்டு ஜெயிச்ச டெலஸ்கோப்

பழைய டெலஸ்கோப் படங்கள்ல பிரகாசமான நட்சத்திரத்துல இருந்து சிலுவை மாதிரி நாலு கோடு நீட்டிக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. நட்சத்திரத்துக்குக் கை கால் எல்லாம் கிடையாது. டெலஸ்கோப்போட வாய்ப் பக்கம் நடுவுல ஒரு கருவியைப் பிடிச்சு வைக்க, குறுக்கே மெல்லிசான தகடுகளைக் கட்டியிருப்பாங்க. அந்தத் தகட்டு விளிம்புல ஒளி சிதறுறதால வர்ற கோடு அது. அதாவது வானத்தைப் படம் எடுத்தா, கூடவே ஸ்டாண்டும் படத்துல வந்துடுது. இன்னைக்குக் கதை அந்த ஸ்டாண்டைப் பத்தினதுதான்.

1928. அமெரிக்கால ஜார்ஜ் எல்லரி ஹேல்னு ஒரு வானியலாளர். அப்போ உலகத்துலயே பெரிய டெலஸ்கோப் அவர் முயற்சியால வந்ததுதான்: மவுண்ட் வில்சன்ல 100 அங்குலக் கண்ணாடி. அது போதாது, 200 அங்குலம் வேணும்னு அவர் கிளம்பினார். ராக்ஃபெல்லர் பணம் 60 லட்சம் டாலர் கிடைச்சது. பொறுப்பு கால்டெக் கையில. இடம், கலிஃபோர்னியாவின் பாலமார் மலை.

கண்ணாடிக் கதை பிரபலம். 1934 மார்ச்ல கார்னிங் கம்பெனி பைரெக்ஸ் கண்ணாடியை வார்த்தப்போ, அச்சுக்குள்ள இருந்த கட்டைகள் பிய்ச்சுக்கிட்டு மேல மிதந்துடுச்சு. டிசம்பர்ல மறுபடி வார்த்தாங்க. எடை குறையணும்னு முதுகுப்புறத்தைத் தேன்கூடு மாதிரி குழிகுழியா வார்த்தாங்க. அப்படியும் மெருகேத்தி முடிச்சப்போ பதினாலரை டன்.

எல்லாரும் கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தாங்க. ஆனா அந்தக் கண்ணாடியில பட்ட ஒளி வந்து குவியுற இடம் சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்கு. ஏறக்குறைய அஞ்சு மாடி உயரம். அங்க ஒரு கூண்டு. அதுக்குள்ள கேமரா, அதோட ஒரு ஆளும் உட்காரணும். இந்த ரெண்டு முனையும் ஒன்னையொன்னு சரியா நேருக்கு நேர் பார்க்கணும். இந்த மாதிரிக் கண்ணாடியில பிம்பம் கூர்மையா விழுறது நடு அச்சை ஒட்டின ரொம்பச் சின்ன பரப்புலதான். கொஞ்சம் விலகினா, புள்ளியா தெரிய வேண்டிய நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி ஆயிடும்.

டெலஸ்கோப் ஒரே பக்கம் பார்த்துட்டு நிக்கிறதும் இல்ல. நேரா மேல பார்க்கும், சாயும், கிட்டத்தட்டப் படுக்கும். படுக்கும்போது ரெண்டு முனையும் எடை தாங்காம தொய்யும்.

எந்த இன்ஜினியருக்கும் முதல்ல தோணுறது: இன்னும் இரும்பு போடு, விறைப்பாக்கு. இதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரு அமைப்பை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசாக்கினா எடை எட்டு மடங்கு ஆகும். ஆனா அதைத் தாங்குற கம்பியோட குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான். கணக்குப் போட்டா, சொந்த எடையில வர்ற தொய்வு நாலு மடங்கு. சரின்னு இன்னும் இரும்பு சேர்த்தா, அந்த இரும்பையும் சேர்த்தே அது தாங்கியாகணும். சர்வர் ஸ்லோவா இருக்குன்னு மானிட்டரிங் டூல் மேல டூல் போட்டு, கடைசியில அந்த டூல்களே சர்வரைத் தின்ன கதை நம்மள்ல பல பேருக்குத் தெரியும்.

இங்கதான் மார்க் செருரியர் வர்றார். கால்டெக்ல படிச்சவர். 1935ல, முப்பது வயசை ஒட்டின இளைஞர். அவர் கேள்வியையே மாத்திட்டார். தொய்வை ஏன் நிறுத்தணும்? ரெண்டு முனையும் ஒரே அளவு, சாயாம, தொய்ஞ்சா போதாதா?

மனசுல ஒரு படம் போட்டுக்கோங்க. நடுவுல கனமான சதுரச் சட்டம். டெலஸ்கோப் சுழல்றது அதைப் பிடிச்சுதான். அதுல இருந்து மேல் முனைக்கு நாலு முக்கோணம், கீழ் முனைக்கு நாலு முக்கோணம். அடிப்பக்கம் சட்டத்துல, உச்சி முனையில இருக்கற வளையத்துல. டெலஸ்கோப் படுக்கும்போது பக்கவாட்டு முக்கோணங்கள்தான் எடையைத் தாங்கும். அதுல மேல் கம்பி கொஞ்சம் நீளும், கீழ் கம்பி அதே அளவு சுருங்கும். அதனால உச்சி நேரா கீழ இறங்கும். மத்த ரெண்டு முக்கோணமும் வளையம் முன்னாடி பின்னாடி சாயாம பிடிச்சுக்கும். கீழ்ப் பக்கம் பாரம் ஜாஸ்தி, ஆனா நீளம் கம்மி. மேல் பக்கம் பாரம் கம்மி, ஆனா நீளம் ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் சமமா இறங்குற மாதிரி கம்பிகளோட தடிமனைக் கணக்குப் பண்ணித் தேர்ந்தெடுத்தா வேலை முடிஞ்சது. கண்ணாடியும் கேமராவும் சேர்ந்தே இறங்கும். அதுங்க ரெண்டுக்கும் நடுவுல ஒன்னுமே மாறலை.

குழாய்னு சொல்றோமே தவிர, பெரும்பாலும் காத்துதான். எட்டு முக்கோணம், ரெண்டு வளையம், ஒரு சட்டம்.

ஹேல் 1938ல இறந்துட்டார். நடுவுல உலகப் போர் வந்து கண்ணாடி மெருகேத்துற வேலை நின்னுச்சு. 1948 ஜூன்ல திறப்பு விழா. டெலஸ்கோப்புக்கு ஹேல் பேரையே வெச்சாங்க. 1949 ஜனவரியில எட்வின் ஹபிள் முதல் படம் எடுத்தார்.

அப்போ செருரியர் எங்க? சினிமாவுல! அவர் அப்பா ஐவன் செருரியர் 1924ல மூவியோலாவைக் கண்டுபிடிச்சவர். ஆமா, ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டி ஒட்டுறதுக்கு நம்ம ஊர் எடிட்டர்களும் வருஷக்கணக்கா பயன்படுத்தின அதே மூவியோலா. மகன் டெலஸ்கோப் வேலையை முடிச்சுட்டு அப்பாவோட தொழிலுக்குப் போயிட்டார். மூவியோலாவைத் தொடர்ந்து மேம்படுத்தினதுக்காக 1979க்கான ஆஸ்கர் விருது அவருக்குக் கிடைச்சது. வானியல்லயும் அவர் பேர் நிக்குது. இந்த அமைப்புக்கே செருரியர் டிரஸ்னுதான் பேர்.

1973ல கிட் பீக் மலையில வந்த 4 மீட்டர் மேயால் டெலஸ்கோப்பும் இதே டிரஸ்தான். சமீபத்துல அதோட மேல் முனையில டெஸின்னு புதுக் கருவி பொருத்தினாங்க. 5,000 ஃபைபர்கள், 2019ல முதல் ஒளி. மேல் வளையம், கூண்டு, தகடுகள் எல்லாம் புதுசு. டிரஸ் மட்டும் பழசு. இந்த மாதிரி வேலையில புதுக் கருவியை இஷ்டத்துக்கு கனமாக்க முடியாது. மேல பாரம் ஏறினா சமத்தொய்வுக் கணக்கே கெட்டுடும். அரை நூற்றாண்டுக்கு முன்னாடி போட்ட கணக்கு, இன்னைக்கு வர்றவங்களுக்கும் எடை வரம்பு போடுது.

இந்தக் கதை என்னை விடாததுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதறவன். எங்க அப்பாவுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. அதை அடுத்து என்ன பண்றதுன்னு போன வருஷம் கேட்டார். இன்னும் நான் பதில் சொல்லலை.

இந்த எபிசோடுக்கு எழுதினதை அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். மூவியோலா வந்த இடத்துல பட்டறைப் பேச்சை எடுப்பார்னு நினைச்சேன். எடுக்கலை. "அவ்ளோ பெருசை ரிவெட்டு அடிச்சானா, வெல்டிங் வெச்சானா?"ன்னு மட்டும் கேட்டார். மவுண்ட் வில்சன் ரிவெட்டு, பாலமார் பெரும்பாலும் வெல்டிங்னு சொன்னேன். "வெல்டிங்னா சூட்டுல இழுத்துக்குமே, அதை எப்படி நேராக்கினான்?"னார்.

அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. தேடிட்டு இருக்கேன், ஒரு எபிசோடு அளவுக்குச் சேர்ந்தா வர்றேன்.