திருப்பலி இரசம்

திருப்பலி இரசம் என்பது கத்தோலிக்கத் திருப்பலியில் கோதுமை அப்பத்தோடு ஒப்புக்கொடுக்கப்படும் திராட்சை மது. அரசு ஆவணங்களில் இதற்கு ‘மாஸ் ஒயின்’ என்று பெயர். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் விதிப்படி அது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். புளித்துக் காடியான இரசம் பலிக்கு ஆகாது.

திண்டுக்கல் சமவெளி போன்ற வெப்ப நிலத்தில் இந்த விதியைக் காப்பது எளிதன்று. ஒரு பூசைக்குச் சில கரண்டி இரசமே செலவாகும். திறந்த புட்டி நாள்கணக்கில் கிடக்கும். சாதாரண ஒயின் அதற்குள் காடியாகத் தொடங்கிவிடும். இதற்கு ஐரோப்பியர் கண்ட வழி, நொதிக்கும் சாற்றில் திராட்சையிலிருந்தே வடித்த சாராவியைச் சேர்ப்பது. சாராவி ஏறியதும் ஈஸ்ட் செயலற்றுப் போகிறது; எஞ்சிய சர்க்கரை இனிப்பாகத் தங்கிவிடுகிறது; புட்டியும் நெடுநாள் தாங்குகிறது. போர்ட் வகை இம்முறையில் பிறந்தது. பலிக்குரிய இரசத்திலும் திராட்சைச் சாராவி சேர்க்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உரோமை அனுமதித்தது. மொத்த வலிமை 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கரும்பிலோ தானியத்திலோ வடித்த சாராவி விலக்கு.

தென்னிந்தியக் கிறித்தவத்தில் இரசம் எப்போதுமே அரிய பொருள். திராட்சை விளையாத மலபாரில் தோமையார் கிறித்தவர்கள் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பயன்படுத்தினர். 1599இல் போர்ச்சுகீசியர் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், ஆண்டுதோறும் போர்ச்சுகல்லின் மஸ்கட் ஒயினை இத்தேவாலயங்களுக்கு அனுப்பும்படி அந்நாட்டு மன்னரிடம் வேண்டியது. எந்த இரசம் செல்லும் என்ற கேள்விக்குள்ளே யாருடைய திருச்சபை என்ற கேள்வியும் இருந்தது.

மதுரை, சேலம் வட்டாரங்களுக்குக் கிறித்தவ மறைப்பணியாளர்கள் 1832 வாக்கில் திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தனர் என்பது தோட்டக்கலை வரலாறு. இன்று திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு பக்கமும் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிலும் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சையையே அந்த மறைப்பணியாளர்கள் கொண்டுவந்த கொடி என்று சொல்வது வழக்கம். இதில் ஒரு திருத்தம் தேவை. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் இனம். அது இங்கிலாந்தில் உருவானதே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். ஆகவே 1832இல் வந்தது வேறொரு கொடியாக இருந்திருக்க வேண்டும்; பன்னீர் பின்னால் வந்து இடம்பிடித்தது. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அறுவடை தரும் இப்பழம் பெரும்பாலும் பழமாகவே சந்தைக்குப் போகிறது.

தமிழகத்தில் திருப்பலி இரசத்தின் தனித்தன்மையை வார்த்ததில் மதுவிலக்குக்குப் பெரும் பங்குண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்தது. மதுவிலக்குச் சட்டத்தின் ஆட்சியில் வழிபாட்டு இரசம் தனி உரிமத்தின்கீழ் வைக்கப்பட்டது. அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்திலும் (1920–1933) வழிபாட்டு இரசத்துக்கு இத்தகைய விதிவிலக்கு இருந்தது. மது என்றாலே ஒழுக்கக்கேடு என்று சட்டமும் சமூகமும் சொன்ன மண்ணில், ஒரு மதுவைப் புனிதமாகக் காக்கும் பொறுப்பு பங்குகளுக்கு வந்தது.

மொழியும் அதற்குத் துணை நின்றது. விவிலியத் தமிழ் அதை மது என்றோ சாராயம் என்றோ சொல்லவில்லை. ‘திராட்சை இரசம்’ என்றது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் அது ‘திராட்சரசம்’. அச்சபைகளில் பல புளிக்காத பழச்சாற்றையே நற்கருணைக்கு எடுக்கின்றன. தெருவிலோ ‘ஒயின் ஷாப்’ என்றால் எல்லா மதுவும் விற்கும் கடை. அங்கே ஒயின் கேட்பவர் குறைவு. கத்தோலிக்கப் பங்குகளிலும் இரசத்தை அருந்துபவர் பெரும்பாலும் குருவானவர் மட்டுமே. மக்கள் அப்பத்தை வாங்குகின்றனர். தன் சமயத்தின் மையத்திலுள்ள அந்தச் சுவையை ஒரு வெள்ளோட்டுக் கத்தோலிக்கர் வாழ்நாள் முழுவதும் அறியாமலே இருக்க முடியும்.

இதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் டானிக் ஒயினுடையது. டெவன் பகுதியிலுள்ள ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் 1890களில் அதை மருந்து மதுவாகத் தயாரித்தனர். 1927இல் மடம் விற்பனை உரிமத்தை இழந்ததும் விற்பனை ஒரு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. 15 விழுக்காடு வலிமையும் காஃபினும் சேர்ந்த அந்த இனிப்பு மது, ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷயர் தொழிலாளர் ஊர்களிலும் வட அயர்லாந்தின் லர்கனிலும் இளைஞரின் அடையாளமானது. வன்முறைச் செய்திகளோடும் பெயர் கலந்தது. அங்கே மடத்து மது தெருவுக்கு இறங்கியது. கோவாவில் நிலை இடைப்பட்டது: போர்ச்சுகீசியர் ஆட்சி 1961இல் முடிந்த பிறகும் மலிவான இனிப்புப் போர்ட் ஒயின் அங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ், திருமண விருந்துகளில் நீடிக்கிறது. திண்டுக்கல்லில் இரசம் கோயிலின் சக்ரீஸ்து அறையைத் தாண்டி வீட்டுப் பந்திக்கு வரவில்லை.