லேபிளிலிருந்து கல்லூரி வரை

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தின் கதையைப் பட்டாசுக் கதையாக மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வானம் பார்த்த கரிசல் காடு இது. வெயிலில் குச்சியும் மருந்தும் சீக்கிரம் காய்ந்தன, வெள்ளாமை பொய்த்த வீடுகளில் வேலைக்கு ஆளும் இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சகம் வந்தது. தீப்பெட்டி மருந்தில் பழகிய கை பட்டாசுக்குப் போனது. பட்டாசுக்கு அலுமினியத் தூள் வேண்டும்; அத்தகைய உலோகத் தூள் தயாரிக்கும் திருமங்கலம் மெட்டல் பவுடர் கம்பெனிதான் 1984இல் சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது. ஒரு தொழிலின் தேவை அடுத்ததைப் பெற்றெடுத்த இந்தச் சங்கிலியைத் துறை துறையாக வெட்டினால் ஒன்றும் விளங்காது. பல துறைகளைச் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு அறிவியலையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்துச் சொல்லித்தரும் முதுநிலைப் படிப்புக்கு இந்த ஊர்களே களம் என்கிறேன்.

பட்டாசு ஆலை வெடிவிபத்துக்கு உராய்வும் கவனக்குறைவும்தானே காரணம், இதற்கு எதற்குப் பெரிய படிப்பு என்று கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். உதவ ஓடி வந்தவர்களும் அவர்களில் உண்டு. தீபாவளிக்கு அப்போது பத்து வாரம்கூட இல்லை. இப்படிப்பட்ட ஓர் ஆலையின் மருந்து அறையில் ஒருவர் வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியத் தூளையும் சலித்துக் கலக்கிறார். ஈரம் பட்ட மிச்ச மருந்து கிடந்தால் தானாகச் சூடேறும். அதை அன்றன்றே அழிக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கூலி எண்ணிக்கைக்கு, ஆலையோ உள்குத்தகையில், சரக்கு போக வேண்டிய நாளோ நெருங்குகிறது. வேதியியல் அந்த மருந்தைப் பார்க்கிறது, சட்டம் உரிமத்தைப் பார்க்கிறது, பொருளியல் கூலியைப் பார்க்கிறது. மூன்றும் ஒரே அறையில் சந்திப்பதைப் பார்க்க ஆளில்லை. அறையின் வெப்பம், ஈரப்பதம், மருந்தின் அளவு, ஆள் எண்ணிக்கை, ஆர்டர் நெருக்கடி எல்லாவற்றையும் சேர்த்துப் படித்து முன்கூட்டியே எச்சரிக்கத்தான் செயற்கை நுண்ணறிவு வேண்டும். இயந்திரம் வந்தால் பிழைப்பு போகுமே என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் எந்த வேலையை இயந்திரத்துக்கு விடுவது என்பதை இந்தப் படிப்பே முடிவு செய்ய வேண்டும்: மருந்து கலப்பதிலிருந்து மனிதக் கையை எடுத்துவிடலாம், திரி பின்னுவதும் பெட்டி கட்டுவதும் கையிலேயே இருக்கட்டும். இங்குள்ள கல்லூரிகள் இப்படியொரு படிப்பைத் தொடங்கினால், முதல் பருவத்தை மருந்து அறை வாசலில் தொடங்கட்டும். முதல் ஆசிரியராக அங்கே சல்லடை பிடிப்பவரை அழைக்கட்டும்.