நாவின் சுவையும் மூளையின் தீர்ப்பும்

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறும். சுற்று வீதிகளில் கச்சான், வளையல், ஐஸ்கிறீம் வியாபாரம் களைகட்டும். அங்கே கடை விரிக்கும் வியாபாரி, வாங்க வருபவரின் முகத்தைத்தான் முதலில் படிப்பார். விலையைச் சொன்னதும் கண் சுருங்குகிறதா, எடுத்த பொருளை வைக்கக் கை தயங்குகிறதா என்பதே அவர் கணக்கு. பத்திரிகைப் பணியில் நான் கண்ட பெரிய விளம்பரதாரர்களுக்கோ அந்த வசதி இல்லை. எந்த விளம்பரம் விற்பனையைக் கூட்டியது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். அந்த இருளைப் போக்கத்தான் வணிகம் மூளைக்குள் எட்டிப் பார்த்தது.

1975இல் பெப்சி நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சவால் விட்டது. பெயர் மறைத்த இரு குவளைகளில் எது சுவை? பலர் பெப்சியையே காட்டினர். ஆயினும் சந்தையில் முதலிடம் கொக்கா கோலாவிடமே இருந்தது.

இம்முரணை 2004இல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியின் ரீட் மொண்டேகு குழுவினர் 67 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவரின் வாயில் குழாய்வழியே பானம் செலுத்தப்பட்டது. 1990இல் ஜப்பானிய அறிஞர் செய்ஜி ஒகாவா கண்ட வழியில், குருதியின் ஒட்சிசன் மாற்றத்தைக் கொண்டு மூளையின் எப்பகுதி இயங்குகிறது என அறிந்தனர். பெயர் தெரியாதபோது இரு பானங்களுக்கும் ஏறக்குறையச் சம வரவேற்பு. கொக்கா கோலாவின் பெயரைக் காட்டியதும் நினைவோடு தொடர்புடைய பகுதிகளும் இயங்கின. பெப்சியின் பெயருக்கு அவ்விளைவு இல்லை. நாவின் தீர்ப்பை வணிகப் பெயர் மாற்றிவிட்டது.

வணிகர் விரைந்தனர். இந்திய வம்சாவளியினரான ஏ.கே. பிரதீப் 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய நியூரோஃபோகஸ், மூளை அலைகளை அளந்து விளம்பரங்களை எடைபோட்டது. 2011இல் நீல்சன் நிறுவனம் அதனை வாங்கியது.

இத்துறையில் மிகையும் உண்டு. 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் இறந்த சால்மன் மீனொன்றை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்தனர். உரிய புள்ளிவிபரத் திருத்தமின்றிக் கணித்தபோது அதன் மூளையும் ‘இயங்கியது’!

ஆயினும் சட்டம் விழித்துக்கொண்ட நாடுகள் உள்ளன. மருத்துவம், அறிவியல் ஆய்வு, நீதிமன்றத் தேவை தவிர்ந்த மூளைப் படமெடுப்பை 2011இல் பிரான்ஸ் தடுத்தது. 2021இல் சிலி, மூளைச் செயற்பாட்டுக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு அளித்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவரின் மூளைத் தரவை அழிக்குமாறு இமோட்டிவ் நிறுவனத்துக்கு ஆணையிட்டது.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுகளுக்குச் சிறப்புக் காவல் தருகிறது. விற்பனைக்காக அளக்கப்படும் மூளை அலை அக்காவலுக்குள் அடங்குமா? நம் சட்ட அறிஞர்கள் இப்போதே ஆராய வேண்டிய கேள்வி இது. முகத்தைப் படிக்கும் வியாபாரியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூளையை அவ்வாறு திருப்ப இயலாது.