அசெம்பிள் பண்ணலாமா, ரெடிமேடா வாங்கலாமா? 1975-லிருந்து ஒரு கேள்வி

கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று யார் கிளம்பினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். "அசெம்பிள் பண்ணினா எப்பவும் மலிவுடா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அந்த "எப்பவும்" சரிதானா என்று பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

1975. அமெரிக்காவில் எம்.ஐ.டி.எஸ் என்ற சிறிய நிறுவனம் ஆல்டேர் 8800 கம்ப்யூட்டரை விற்றது. அந்த வருட விளம்பரங்களில் இரண்டு விலை இருந்தது. பாகங்களாக வாங்கினால் 439 டாலர். நிறுவனமே பூட்டிக் கொடுத்தால் 621 டாலர். வித்தியாசம் 182 டாலர், அதாவது 40 சதவீதத்துக்கும் மேல்! கீபோர்டு, திரை எதுவும் கிடையாது, சுவிட்சும் விளக்கும்தான். அதிலும் 'கில் த பிட்' என்று கேம் எழுதிவிட்டார்கள். ஓடும் விளக்கைச் சுவிட்சால் அடித்து அணைக்க வேண்டும்.

அந்த 182 டாலர் எதற்கு? கூலி மட்டும் இல்லை. பாகங்களை நாமே சால்டரிங் பண்ண வேண்டும். ஒரு இணைப்பு சரியில்லை என்றாலும் மெஷின் ஓடாது, தப்பு எங்கே என்று தேடுவதும் நம் தலைவலி. அந்தத் தலைவலிக்கும் சேர்த்துத்தான் விலை.

இதை முதலில் புரிந்துகொண்டவர் ஒரு கடைக்காரர். 1976-ல் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் ஆப்பிள் 1-ஐ வெறும் போர்டாக விற்க நினைத்தார்கள். பைட் ஷாப் நடத்திய பால் டெரல், பாகங்கள் பொருத்திய போர்டாக இருந்தால் 50 எடுத்துக்கொள்கிறேன் என்றார். 1977-ல் ஆப்பிள் 2 முழு கம்ப்யூட்டராகவே வந்தது.

அப்போ அசெம்பிள் கதை முடிந்ததா? இல்லை. 1981-ல் ஐ.பி.எம் தன் பி.சி.யை வெளியில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்தது. மற்ற நிறுவனங்களும் அதேபோல் செய்ய ஆரம்பித்தன. 1995-ல் இன்டெல்லின் ஏ.டி.எக்ஸ் அளவுகள் வந்தபின், எந்த மதர்போர்டும் எந்த கேபினெட்டிலும் உட்காரும் நிலை ஏறக்குறைய வந்துவிட்டது. சால்டரிங் போய் ஸ்க்ரூடிரைவர் போதும் என்றானது. நம்ம சென்னை ரிச்சி தெருவின் அசெம்பிள் கடைகளும் இந்த வழியில் வந்தவைதான். ஆனாலும் பூட்டிக் கொடுப்பவர்கள் அழிந்துவிடவில்லை. கேம் ஆடுபவர்களுக்கென்றே 1996-ல் ஏலியன்வேர் தொடங்கியது. 2006-ல் டெல் அதை வாங்கிவிட்டது.

2020-21-ல் கணக்கு தலைகீழானது. சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், எதீரியம் மைனிங் ஒரு பக்கம். 699 டாலர் என்று அறிவித்த ஆர்.டி.எக்ஸ் 3080 கார்டு அந்த விலைக்குக் கண்ணில் படுவதே அபூர்வம். மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனங்களிடம் கார்டு இருந்தது. ஒரு கார்டுக்காக முழு கம்ப்யூட்டரையே வாங்கியவர்கள் உண்டு.

காமர்ஸ் பாடத்தில் இதற்கு 'செய்வதா, வாங்குவதா' முடிவு என்று பெயர். நாமே செய்யும்போது நம் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் கணக்கு தப்புகிறது. பாகங்கள் தாராளமாகக் கிடைத்தால் அசெம்பிள் மலிவு, தட்டுப்பாடு வந்தால் ரெடிமேட் மலிவு. எனவே விலையை இன்றைக்குக் கூட்டிப் பாருங்கள், போன வருடக் கணக்கு வேண்டாம். கூட்டிவிட்டு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ராத்திரி பதினொரு மணிக்கு மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் யார் பொறுப்பு?

"நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தால், ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்.