கண்ணாடிப் பெட்டியும் மீன் தொட்டியும்

வீட்டில் அழகு மீன் வளர்க்க விரும்புவோர் இந்நாளில் முதலிற் கேட்கும் கேள்வி, தொட்டி கண்ணாடியாய் இருத்தல் நன்றா, அக்ரிலிக்காய் இருத்தல் நன்றா என்பதாம். ஜாசினிலும் இக்கேள்வி எழுகின்றது. கேள்வி சிறியது, கடைக்காரர் ஒரே வாக்கியத்தில் விடை சொல்லிவிடக் கூடும். ஆயினும் இதன் பின்னே நீண்டதொரு சரித்திரம் கிடக்கின்றது. அச்சரித்திரம் ஜாசின் வட்டாரத் தமிழர் இங்கே வந்து சேர்ந்த சரித்திரத்தோடு உறவுடையது என்று நாம் சொன்னால், அன்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும், முழுதும் படித்த பிறகு நகைக்கட்டும்.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நத்தேனியல் வார்டு என்னும் மருத்துவர் வாழ்ந்தார். செடி கொடிகளில் அவருக்குத் தீராத ஆசை. ஆனால் நிலக்கரிப் புகை மண்டிய அந்நகரில் அவர் நட்ட பெரணிகள் ஒன்றும் பிழைக்கவில்லை. 1829-ஆம் ஆண்டளவில், ஒரு கூட்டுப்புழு பூச்சியாவதைக் காணும் பொருட்டு, அதனை ஈர மண்ணிற் புதைத்துப் போத்தலில் மூடி வைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. வெளியே மடிந்த செடி மூடிய போத்தலுக்குள் தழைத்தது! பகலில் மண்ணினின்றும் எழுந்த ஈரம் கண்ணாடியிற் படிந்து, மீண்டும் மண்ணுக்கே இறங்கிற்று. புகையோ உள்ளே புகவில்லை. காரணத்தை அறிந்துகொண்ட வார்டு, 1833-இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளிற் செடிகளை அடைத்துச் சிட்னி நகருக்குக் கப்பலேற்றினார். செடிகள் உயிரோடு கரையேறின. அப்பெட்டிக்கு 'வார்டியன் பெட்டி' என்னும் பெயர் நிலைத்தது.

அதற்கு முன் கடல் கடந்து செடி கொண்டு செல்வது பெரும்பாலும் வீண் வேலையாகவே இருந்தது. உப்புக் காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் செடிகளைக் கொன்றுவிடும். இப்பெட்டி வந்தபின் நிலைமை மாறிற்று. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்தது இதிலேதான். பிறகு வந்தது நமக்குரிய கதை. 1876-இல் ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திற் சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அவற்றுள் 1,919 கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888-இல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமற் பால் வெட்டும் முறையைக் கண்டு, காண்பாரிடமெல்லாம் இரப்பர் நடுமாறு வற்புறுத்தினார். அவர் சொற் கேட்டவருள் ஒருவர் மலாக்காச் சீனர் டான் சே யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். புக்கிட் அசகான் எங்குளது? நம் ஜாசின் மாவட்டத்திலேதான், குனோங் லேடாங் மலையடிவாரத்தை ஒட்டி.

மரம் கண்ணாடிப் பெட்டியில் வந்தது. அம்மரத்தில் பால் வெட்ட வந்த மனிதன் எதில் வந்தான்? கப்பலின் மேல்தட்டில் வந்தான். கன்றுகளுக்கு ஈரம், ஒளி, காற்று ஆகியவற்றை அளந்து கொடுக்க அறிஞர் இருந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவனுக்கு அளந்து கொடுக்கப்பட்டது அரிசியும் கடனுமே. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியே ஆள் திரட்டுவது அதன் பின்னும் நடந்தது. 1938-இல்தான் இந்திய அரசாங்கம் அதற்குத் தடை விதித்தது. மெர்லிமாவிலும் பெம்பானிலும் ரிம்மிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றின் கதை, ஒரு வகையில், அந்த 38 பெட்டிகளிலே தொடங்குகின்றது. மீன் தொட்டியைப் பற்றிப் பேச வந்த நாம் இதை ஏன் சொல்லுகின்றோம் எனின், வார்டின் பெட்டியும் மீன் தொட்டியும் ஒரே எண்ணத்திற் பிறந்த உடன்பிறப்புக்களாதலால்.

மூடிய கண்ணாடிக்குள் மண்ணும் செடியும் ஒன்றையொன்று காக்குமாயின், நீரும் செடியும் மீனும் அவ்வாறே காத்துக் கொள்ளாவோ? இதனை ஆராய்ந்தவர் இலண்டனில் மருந்துச் சரக்குச் சங்கத்தில் இரசாயன அறிஞராயிருந்த இராபர்ட் வாரிங்டன். அவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் விட்டார். செடி உயிர்க்காற்று அளித்தது, மீன் வாழ்ந்தது. ஆனால் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. பின்னர் நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நத்தையின் முட்டைகளை மீன் தின்றது, நீர் தெளிந்தது. இம்முடிவை அவர் 1850-இல் வெளியிட்டார். 1853-இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீனகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் கோஸ் என்பார் மறு ஆண்டு தம் நூலிற் பரப்பிய 'அக்குவேரியம்' என்ற சொல்லே உலகெங்கும் வழங்கலாயிற்று. இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டு அதன் விலை இறங்கியிராவிடில், இந்த ஆசை இத்துணை விரைவில் வீடு வீடாய்ப் பரவியிராது. வரியொன்று போனால் எத்தனை வாயில்கள் திறக்கின்றன!

வாரிங்டன் கண்டது பாதி உண்மையே. மறுபாதியைக் கண்டவர்களுள் அவர் மைந்தரும் ஒருவர் என்பது நமக்கு மிக்க இன்பம் தருகின்றது. தந்தையின் பெயரையே தாங்கிய அவர், ராதாம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், மண்ணிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதை ஆராய்ந்தார். இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களால் இரண்டு படிகளில் நிகழ்வதென்று கண்டார். மீன் தொட்டியிலும் நிகழ்வது இதுவே. மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டு ஆக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டு ஆக்கும். இது பெரிதும் தீங்கற்றது, செடிக்கு உணவு. இந்த நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கின்றன. இவற்றை மனத்திற் கொண்டாலன்றித் தொட்டியைச் சுத்தம் செய்வதெப்படி என்பது விளங்காது.

பழைய தொட்டிகள் இரும்புச் சட்டத்திற் கண்ணாடியை மக்கு வைத்துப் பொருத்திச் செய்யப்பட்டவை. சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து நீர் ஒழுகும். 1960-களை ஒட்டிச் சிலிக்கோன் பசை வந்தது. சட்டமின்றிக் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டும் இன்றைய தொட்டி அதன் பயன். நம் தாய்நாட்டில், சென்னைக் கடற்கரையில் 1909-இல் திறக்கப்பட்ட மீன்காட்சிச் சாலை கண்ணாடிக் காலத்தின் சின்னம். இரண்டாம் உலகப் போரின்போது அதை மூடி, விமானத் தாக்குதற் காப்பு அலுவலகமாக்கிவிட்டனர். மீன்களுக்குப் போர் என்ன தெரியும்!

அந்தப் போரே அக்ரிலிக்கை வளர்த்தது. செருமனியில் ஓட்டோ ரோம் என்பாரின் தொழிற்சாலை 1933-இல் அதனைப் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயரால் விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆங்கிலேயர் தாம் செய்ததைப் 'பெர்ஸ்பெக்ஸ்' என்றனர். போர் விமானிகள் அமர்ந்த கூண்டின் கூரை இப்பொருளாலானது. குண்டடி பட்டு அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணிற் புகுந்தும் அவற்றால் அழற்சி உண்டாகாதிருந்ததைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்னும் மருத்துவர், 1949-இல் அதனாலேயே செயற்கைக் கண்வில்லை செய்து பொருத்தினார். இரப்பருக்கு ஒரு ரிட்லி, அக்ரிலிக்குக்கு ஒரு ரிட்லி! கண்புரை நீக்கிக்கொண்ட நம் பாட்டிமார் பலர் இன்று அக்ரிலிக் வழியாகத்தான் பேரப்பிள்ளைகளைப் பார்க்கின்றனர்.

இனிக் கேள்விக்கு வருவோம். எடையில் அக்ரிலிக் கண்ணாடியிற் பாதிக்கும் குறைவு, அடிபட்டால் எளிதிற் சிதறாது, வேண்டியபடி வளைக்கலாம். தடித்த சாதாரணக் கண்ணாடி பச்சை நிறங் காட்டும். அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் தெளிவு குன்றாது. ஆதலால் பெருங்காட்சிச் சாலைகள் அதனையே நாடுகின்றன. சப்பானின் ஒக்கினாவாவில் 2002-இல் திறந்த மீன்காட்சிச் சாலையின் பெரும்பலகை 60 சென்டிமீட்டர் தடிப்புடையது. கோலாலம்பூரில் 2003-இல் திறந்த சாலையில் 90 மீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதையில் நடந்தவாறே தலைக்கு மேல் சுறா நீந்தக் காணலாம். ஆயினும் அக்ரிலிக் உடையாதது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. பெர்லின் நகரில் ஒரு விடுதியின் நடுவே நின்ற, பத்து இலட்சம் லிட்டர் நீர் கொண்ட மாபெரும் அக்ரிலிக் தொட்டி 2022 திசம்பர் 16 விடியற்காலையில் வெடித்துத் தெருவெல்லாம் நீராயிற்று. மீன்களிற் பெரும்பாலானவை மாண்டன. விடியற்காலையாயிருந்ததால் மனிதர் பிழைத்தனர்.

ஆனால் ஜாசின் வீட்டுக் கூடத்தில் வைக்கும் தொட்டி பெர்லின் தொட்டியன்று. 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமுமுள்ள தொட்டியை எடுத்துக் கொள்வோம். 5 மில்லிமீட்டர் தடிப்பிற் செய்தால் கண்ணாடித் தொட்டி சுமார் 9 கிலோ. அக்ரிலிக் 4 கிலோவுக்குச் சற்று மேல். நீர் நிரப்பினாலோ, நீர் மட்டும் 54 கிலோ! இதில் ஐந்து கிலோ குறைந்து என்ன பயன்? ஆகவே சிறு தொட்டிக்குக் கண்ணாடியே போதும் என்பது நம் கருத்து. விலை குறைவு, கீறல் எளிதில் விழாது, ஆண்டுகள் சென்றாலும் மங்காது. துள்ளி விளையாடும் குழந்தைகள் உள்ள வீட்டிலும், பெரிய தொட்டியை மாடிக்குத் தூக்க வேண்டிய இடத்திலும் அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுத்தலிற் குற்றமில்லை. கண்ணாடித் தொட்டியின் அடியில் மெல்லிய நுரைப்பலகை விரித்து வைத்தல் நலம். மேசையிலுள்ள ஒரு சிறு மேடு பள்ளம் போதும், கண்ணாடி விரிசல் விட.

துடைக்கும் முறையில் இரண்டும் வேறு. கண்ணாடியிற் படிந்த பாசியைச் சவரத் தகட்டாற் சுரண்டலாம். ஓரத்துச் சிலிக்கோனை மட்டும் அறுத்துவிடலாகாது. மேல் விளிம்பிற் படியும் வெள்ளை உப்புக் கறையைக் காடியில் நனைத்த துணியால் துடைத்தாற் போய்விடும். அக்ரிலிக்கில் தகடு கூடவே கூடாது. பாத்திரம் துலக்கும் பச்சை நாரால் ஒருமுறை நாம் அக்ரிலிக் தொட்டியைத் தேய்த்துவிட்டு, அன்று முதல் மீன்களை மூடுபனிக்குள்ளே பார்த்தோம். மெல்லிய பருத்தித் துணி வேண்டும். துணியில் ஒரு மணற் பருக்கை இருந்தாலும் கோடு விழும். சாராயம், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்கள் அக்ரிலிக்கை மயிரிழை விரிசலாக்கும். மெல்லிய கீறலைத் தேய்த்து மெருகேற்றலாம் என்பது அதற்குள்ள ஒரு நற்பேறு. கண்ணாடிக் கீறலுக்கு அவ்வளவு எளிய மருந்தில்லை. சவர்க்காரம் இரண்டுக்கும் ஆகாது.

இதனினும் பெரிய தவறு வேறொன்றுண்டு. அது தொட்டியின் சுவரைப் பற்றியதன்று. நம்மவர் பலர் வாரந்தோறும் தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் மணலையும் பஞ்சையும் குழாய் நீரில் அலசி, புது நீர் நிரப்பி, பளபளவென்று வைக்கின்றனர். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே செய்தோம். மூன்றாம் வாரத்தில் ஒரு மீனும் மிஞ்சவில்லை. கண்ணேறு என்றார் ஒருவர். வீட்டுக்கு வரவிருந்த கேடு மீனோடு போயிற்று, நல்லதே என்று ஆறுதல் கூறினார் இன்னொருவர். விலையுயர்ந்த அரோவானா மீனை இதற்கென்றே வாங்கி வைப்பாரும் உளர். மீன் எவர் கேட்டையும் ஏற்கவில்லை. நுண்ணுயிர்களைக் குழாய் நீரின் குளோரின் கொன்றது. அவை இல்லாத நீரில் அம்மோனியா பெருகி மீனைக் கொன்றது. கொன்றது நம் சுத்தம்!

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் எடுப்பது போதும். பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். புது நீரில் குளோரின் மட்டும் கலந்திருந்தால் ஒரு பகலும் இரவும் வாளியில் திறந்து வைக்கலாம். இன்றேல் கடையிற் கிடைக்கும் குளோரின் நீக்கி சில துளிகள் விடலாம். புதுத்தொட்டியில் நுண்ணுயிர் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரமாகும். அதுவரை மீன் சிலவே விடுக. சாளரத்து வெயில் தொட்டியில் விழுந்தாற் பாசி மிகும். இரை, மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இடுக. எடுத்த பழைய நீரைச் சாக்கடையிற் கொட்டிவிடாமல், வாசலிலுள்ள கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். அதிலுள்ள நைட்ரேட்டு உரமாகும்; ஒரு மாதத்தில் இலையின் நிறத்திலேயே அது தெரியும்.